அகண்ட பாடம், சகஜ பாடம், சுகமனி சாகிப்: வீட்டில் எதை வைப்பது?

லூதியானாவில் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால், ஒரு வாரத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பாடம் எப்போது வைக்கிறீர்கள்?" புது வீடு, பேரக்குழந்தை, பையனுக்குக் கனடா விசா, ஆபரேஷன் முடிந்து பெரியவர் வீடு திரும்பியது, சாவு என்று எதுவானாலும் சீக்கியக் குடும்பம் செய்வது தங்கள் புனித நூலான குரு கிரந்த் சாகிபை ஓதுவதுதான். அந்த ஓதலுக்குத்தான் 'பாடம்' என்று பெயர். எப்போது என்பதற்குப் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். எந்த விதமான பாடம் என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டாகும்.

நான் இங்கே மருமகளாக வந்த தமிழ்ப்பெண். கூடத்தில் உட்கார்ந்து கேட்டும் இருக்கிறேன், அதே நேரத்தில் அடுப்படியில் ரொட்டி தட்டியும் இருக்கிறேன். பஞ்சாபிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள், சீக்கிய நண்பர் வீட்டு விசேஷத்தில் கூடமாட நிற்பவர்கள், இந்த நெறிமேல் ஈடுபாடு வந்து தானாகவே படிக்கத் தொடங்க நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பாடம் பெரியது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேட்க யார் உட்காரப்போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் திருவாசக முற்றோதல் நடத்துவார்களே, அதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிதான் வேறு. இங்கே ஓதப்படும் நூலே குரு. 1604-ல் குரு அர்ஜன் தொகுக்க, பாய் குர்தாஸ் எழுத, அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், வைக்கப்பட்ட நூல் அது. பிறகு குரு தேக் பகதூரின் பாடல்களும் சேர்ந்தன. 1708-ல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை, இந்த நூலே குரு என்று வைத்துவிட்டார். ஆறு குருமாரின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், ஷேக் பரீத் முதலிய 15 பக்தர்களின் பாடல்களும் இதில் உண்டு. அச்சுப் பிரதிகளில் 1430 பக்கம். எந்தப் பிரதியைத் திறந்தாலும் அதே பக்கத்தில் அதே வரி. பக்கத்தை இங்கே 'அங்கம்' என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே வீட்டுக்கு வருவது புத்தகம் அல்ல, குரு. தலையில் சுமந்து கொண்டுவருவார்கள். சுத்தமான தனி அறை, மேலே விதானம், கீழே மஞ்சி எனப்படும் சிறு கட்டில், போர்த்த ருமாலா பட்டு, வீச சௌர் சாமரம் எல்லாம் வேண்டும். அறைக்குள் செருப்பு கூடாது. தலையை மூடியிருக்க வேண்டும். காலையில் நூலைத் திறந்து வைப்பதற்குப் பிரகாஷ் என்று பெயர். இரவில் ருமாலாவில் சுற்றி ஓய்வாக வைப்பது சுகாசன். இவ்வளவும் நம் வீட்டில் எத்தனை நாள் நடத்த முடியும் என்ற கேள்வி ஒவ்வொரு வகைப் பாடத்துக்கும் பின்னால் நிற்கிறது.

இனி நான் 'ரெஹத் மர்யாதா' என்று சொல்லும்போதெல்லாம் குறிப்பிடுவது, குருத்வாராக்களை (சீக்கியர் கோயில்களை) நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்ற நடைமுறைக் கையேட்டை. டேராக்கள் எனப்படும் மடங்களுக்கும் சில சம்பிரதாயங்களுக்கும் தனி வழக்கம் உண்டு. சண்டை வரும்போது பெரும்பாலான குடும்பங்கள் எடுத்துப் பார்ப்பது இந்தக் கையேட்டைத்தான்.

அகண்ட பாடம்

தொடங்கிய கணத்திலிருந்து நிறைவு வரை ஓதல் நிற்கவே கூடாது. சுமார் 48 மணி நேரம். வெள்ளி காலை தொடங்கினால் ஞாயிறு காலை 'போக்', அதாவது நிறைவு. பஞ்சாபில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருவுக்குத் தெரு ஷாமியானா போட்டிருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

1430 பக்கத்தை 48 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வரும். பெரும்பாலான பக்கங்களில் 19 வரி. வரிக்கு ஆறு விநாடி, அதற்குமேல் கொஞ்சம். பழகிய நாக்குக்கு இது மூச்சு வாங்க வைக்கும் வேகம் அல்ல. ஆனால் ஒரு வரியில் நின்று, இதற்கு என்ன பொருள் என்று யோசிக்க இடம் தராத வேகம். அகண்ட பாடத்தின் பலம், பலவீனம் இரண்டும் இதற்குள் இருக்கின்றன. பொருள் தேடி உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். குரலோடு கூடவே போய்க்கொண்டிருந்தால், இரண்டாம் நாள் இரவில் வீடு முழுக்க அந்த ஒலியால் நிறைந்திருப்பது தெரியும்.

ஓதுபவரை இங்கே பாட்டி சிங் என்பார்கள் (தாடி வைத்த பாட்டி என்று நான் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்ததுண்டு). ஒருவருக்கு இரண்டு மணி நேர முறை; அதற்கு ரௌல் என்று பெயர். ஆக 24 ரௌல். நாலு பேர் வந்தால் ஆளுக்கு ஆறு முறை, அதாவது இரண்டு நாளில் 12 மணி நேரம் ஓத வேண்டும். ஐந்து பேர், ஆறு பேர் என்றால் குரல் தேறும்.

இரவு இரண்டு மணிக்கு ரௌல் மாறுவதை ஒரு தடவையாவது அருகில் இருந்து பாருங்கள். அடுத்தவர் கை கால் கழுவி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்து மஞ்சியின் ஓரமாக உட்காருவார். ஓதிக்கொண்டிருப்பவர் வரியைக் கண்ணால் காட்டுவார், பேச மாட்டார். அடுத்த வரியில் புதுக் குரல் பழைய குரலோடு சேரும். ஒரு வரி, சில சமயம் இரண்டு வரி, இரட்டைக் குரலில் போகும். பிறகு பழைய குரல் தணிந்து விலக, அவர் பின்பக்கமாக எழுந்துகொள்வார். கண்ணை மூடிக் கேட்டால் மாறியதே தெரியாது. அறைக்கு வெளியே வந்ததும் அவர் கேட்கும் முதல் பொருள் டீ. அந்த டீயைப் போட அந்த நேரத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

48 மணி நேரமும் லங்கர், அதாவது வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. பருப்பு, ரொட்டி, கீர், இடைவிடாத டீ. ஓதுபவர்களுக்குப் படுக்க இடம், குளிக்க வெந்நீர். அவர்களைச் சக்திக்கு ஏற்ப உணவாலும் உடையாலும் உபசரிக்க வேண்டும் என்று ரெஹத் மர்யாதாவே சொல்கிறது. இதையெல்லாம் செய்ய ஆள் இருக்கிறதா? இரண்டு மருமகள், ஒரு வேலைக்காரப் பெண் உள்ள வீட்டில் 'கேட்பது' ஆண்களுக்கும் 'செய்வது' பெண்களுக்கும் என்று பிரிந்துவிடும். நடுவில் இரண்டு தடவை தலையை மூடிக்கொண்டு வந்து வணங்கிவிட்டுத் திரும்பவும் அடுப்படிக்கு ஓடுவார்கள். இதை நான் குறையாகவே சொல்கிறேன். பெண்கள் ஓதுவதற்கு ரெஹத் மர்யாதாவில் எந்தத் தடையும் இல்லை. கேட்பதற்குத் தடை என்ற பேச்சே இல்லை. தடை எல்லாம் பாத்திரத்தில்தான் இருக்கிறது.

கையேட்டில் அகண்ட பாடத்தைப் பற்றி உள்ள பகுதியை முழுக்கப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் நடப்பதற்கு நேர்மாறாக அது இருக்கும். எந்தக் குடும்பம் பாடம் வைக்கிறதோ அந்தக் குடும்பமே, உறவினர்களும் நண்பர்களும் சேர்ந்து ஓத வேண்டும் என்கிறது. ஓத இத்தனை பேர் என்ற எண்ணிக்கை கிடையாது. தனக்கு ஓதத் தெரியாவிட்டால் தெரிந்தவரை ஓதச் சொல்லி உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓதுபவர் ஒருவர் மட்டும் தனியாக ஓதிக்கொண்டிருக்க, வீட்டார் யாரும் கேட்காமல் இருக்கும் நிலை வரவே கூடாது. கேட்பவருக்குப் புரியாத வேகத்தில் ஓதுவது குருவாணிக்கு, அதாவது குருவின் வாக்குக்கு, செய்யும் அவமதிப்பு. கொஞ்சம் நேரம் கூடினாலும் எழுத்து பிசகாமல் ஓத வேண்டும்.

கேட்க ஆள் இல்லாத கூடத்தில் இரவு மூன்று மணிக்கு ஒருவர் தனியாக ஓதிக்கொண்டிருக்க, வீட்டார் மாடியில் தூங்குவதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். சில இடங்களில் ஒரே கூடத்தில் பல பிரதிகளை வைத்துப் பல பாடங்களை ஒரே சமயத்தில் ஓதுகிறார்கள். எந்தக் குரலைக் கேட்பது? குரு நானக் 'ஆசா தி வார்' என்ற நெடும்பாடலில், 467-ஆம் பக்கத்தில், படித்துப் படித்து வண்டி வண்டியாக ஏற்றினாலும் கணக்கில் சேர்வது ஒன்றுதான், மற்றதெல்லாம் அகங்காரத்தின் பிதற்றல் என்கிறார். அகண்ட பாடம் ஓதும்போது இந்தப் பக்கமும் அதே ஆறு விநாடி வேகத்தில்தான் கடந்து போகிறது.

இதனால் அகண்ட பாடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் 'நிற்கக் கூடாது' என்ற விதிக்குப் பின்னால் வலி நிறைந்த சரித்திரம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டுக் காடுகளில் திரிந்த காலத்தில், கைக்குக் கிடைத்த பிரதியை அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் முழுக்க ஓதிவிடும் வழக்கத்திலிருந்து இது வந்தது என்பது மரபு. 1923 செப்டம்பரில் நாபா சமஸ்தானத்து ஜைதோ குருத்வாராவில் ஓர் அகண்ட பாடம் அதிகாரிகளால் நடுவிலேயே தடுக்கப்பட்டது. அதை மீண்டும் தொடங்கும் உரிமைக்காக ஜத்தாக்கள் எனப்படும் தொண்டர் குழுக்கள் அணி அணியாக நடந்து போனார்கள். 1924 பிப்ரவரி 21 அன்று ஐந்நூறு பேர் கொண்ட ஜத்தாமீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கு முன்பே, 1923-ல், நிலைமையைப் பார்க்கப் போன காங்கிரஸ்காரர்களான ஜவாஹர்லால் நேருவும் கித்வானியும் தமிழரான கே. சந்தானமும் அங்கே கைதானார்கள். கடைசியில் 1925 ஆகஸ்டில் அதே ஜைதோவில் 101 அகண்ட பாடங்கள் ஓதி முடித்த பிறகே அந்தப் போராட்டம் ஓய்ந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "அகண்ட பாடம் என்றால் சும்மா ஆடம்பரம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வீட்டில் வைப்பதென்று முடிவானால், ஓதுபவர்களுக்குப் பட்டியல் போடுவதற்கு முன் கேட்பவர்களுக்குப் பட்டியல் போடுங்கள். அதே 24 முறை. பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று. எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. இரவு இரண்டு முதல் நாலு வரையிலான கட்டம் காலியாகவே கிடக்க, என் கணவரின் பெரியப்பா தாயா ஜி பேனாவை எடுத்து இரண்டு இரவுக்கும் தன் பெயரையே எழுதினார். "எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை, புத் (பிள்ளை)" என்றார். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக அகண்ட பாடம் வையுங்கள்.

ஓதுபவர்களை ஏற்பாடு செய்யும்போது கட்டணத்தைப் பேசுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் அவர்கள் ஓதுவதைக் கேளுங்கள். குறில் நெடில் தெளிவாக விழுகிறதா, வரி முடிவுகள் விழுங்கப்படுகின்றனவா என்பது மொழி தெரியாத என் காதுக்கே பிடிபட்டது. "48 மணிக்கு முன்னாலேயே முடித்துத் தருகிறோம்" என்று சொல்லும் குழு வேண்டவே வேண்டாம்.

பாதி வழியில் ஒரு அழகான இடம் வரும். 705-ஆம் பக்கத்தில், ஜைத்ஸ்ரீ வாரில், 'ஆதி பூரண், மத்ய பூரண், அந்த் பூரண்' என்று கடவுள் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நிறைந்தவர் என்று சொல்லும் வரி. அங்கே 'மத்ய' அர்தாஸ், அதாவது நடுவழிப் பிரார்த்தனை, செய்து பிரசாதம் வைப்பது பல இடங்களில் வழக்கம். சனிக்கிழமை காலை வாக்கில் இது வரும். வீட்டார் எல்லாரும் ஒருசேரக் கூடுவதற்கு நல்ல நேரம். போக் அன்று வரும் கூட்டமும் இருக்காது.

அமிர்தசரஸ் தர்பார் சாகிப் (பொற்கோயில்) வளாகத்திலேயே நம் பெயரில் அகண்ட பாடம் ஓதச் சொல்லிப் பதிவு செய்வதும் உண்டு. முறை வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முறை வந்ததும் விடுப்பு எடுத்துப் போய் உட்காருவோம் என்றால் பதிவு செய்யலாம். பிரசாதம் மட்டும் வந்தால் போதும் என்றால் என்னால் ஆமாம் போட முடியவில்லை.

சகஜ பாடம்

அதே 1430 பக்கம். விட்டு விட்டு, முடிந்த அளவில் ஓதுவது. சாதாரண் பாடம் என்றும் சொல்வார்கள். இது பேச்சில் அடிபடுவது குறைவு. ஷாமியானா கிடையாது, கூட்டம் கிடையாது. ஆனால் ரெஹத் மர்யாதா ஒவ்வொரு சீக்கியரும் தொடர்ந்து செய்து வருவது நல்லது என்று சொல்வது இதைத்தான்: ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ, அல்லது முடிந்த காலத்திலோ, ஒரு முறை முழுக்க ஓதி நிறைவு செய்ய வேண்டும். அகண்ட பாடத்தை மகிழ்ச்சியும் துன்பமும் வரும் வேளைக்கென்று வைத்துவிட்டு, சகஜ பாடத்தை வாழ்நாள் முழுக்க வைத்திருக்கிறது அந்தக் கையேடு.

கணக்கு இப்படி. இரண்டு மாதத்தில் முடிக்க நாளுக்கு 24 பக்கம். நிதானமாக ஓதினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போகிறவருக்கு இது கடினம். நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் ஒன்பதரை மாதம். ஐந்து பக்கத்தை உரை பார்த்துப் படித்தாலும் அரை மணி நேரத்தில் முடியும். பேராசிரியர் சாகிப் சிங் பஞ்சாபியில் எழுதிய பத்துத் தொகுதி உரை, தர்பண், பல வீடுகளில் அலமாரியில் இருக்கும். பொருளோடு படிக்க விரும்புகிறவருக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கே தளர்வு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் 13 பக்கம் தினசரி பிரார்த்தனைப் பாடல்கள். தெரிந்தவை என்பதால் வேகமாகப் போகும். அதன்பின் ராகம் ராகமாகப் பகுதிகள் வரும். சிறீ ராகமும் மாஜும் போய்விடும். 151-ல் தொடங்கும் கௌடி ராகம் 346 வரை நீள்கிறது. நடுவில் நின்றுபோன சகஜ பாடங்களைக் கணக்கெடுத்தால் பெரும்பாலானவை கௌடியில்தான் நிற்கும் என்று என் மாமியார் சொல்வார். அதைத் தாண்டிவிட்டால் ஆசா ராகம் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இடப் பிரச்சினைக்கும் வழி உண்டு. முழு ஸ்வரூபத்தை, அதாவது ஒரே கட்டாக உள்ள பெரிய பிரதியை, வீட்டில் வைத்தால் தினமும் பிரகாஷும் சுகாசனும் செய்தே ஆக வேண்டும்; இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் நடக்கிற காரியம் அல்ல. அதனால் பலர் 'சைஞ்சி' எனப்படும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொகுதிகளாகப் பிரித்து அச்சிட்ட பிரதியில் ஓதுகிறார்கள். மரியாதை அதற்கும் உண்டு. சுத்தமான உயரமான இடத்தில் துணி சுற்றி வைப்பார்கள். ஆனால் தனி அறையும் விதானமும் இல்லாமல் சமாளிக்கலாம். அல்லது குருத்வாராவிலேயே போய் ஓதலாம்.

எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒன்று: சங்கத் எனப்படும் சபையில் பிறர் கேட்க குரு கிரந்த் சாகிபிலிருந்து ஓதும் இடத்தில் அமர்வது சீக்கியர்களுக்கே உரியது, ஆணோ பெண்ணோ. ஆனால் சீக்கியர் அல்லாதவரும் தனக்காக ஓதிக்கொள்ளலாம் என்று ரெஹத் மர்யாதா தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அகண்ட பாடத்தில் எனக்கு வேலை கேட்பதும் சமைப்பதும். சகஜ பாடத்தில் நானே ஓதலாம். நூலின் லிபியான குர்முகியில் எழுத்து 35. நாகரி தெரிந்தவருக்குப் பழக அதிக நாள் பிடிக்காது. தமிழ் மட்டும் தெரிந்தவர்க்குக் க, க்க, க, க்க என்று நாலு விதமாக ஒரே ஒலி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கடந்துவிடலாம்.

சாவு வீட்டில் எது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் குழப்பம் இங்கேதான். துக்கத்தில் இருக்கும் வீட்டில் உறவினர்கள் வந்து "பெரியவருக்கு அகண்ட பாடம் வைக்காவிட்டால் எப்படி?" என்று நெருக்குவார்கள். ரெஹத் மர்யாதா சொல்வது வேறு. தகனம் முடிந்து வந்தபின் வீட்டிலோ அருகில் உள்ள குருத்வாராவிலோ பாடத்தைத் தொடங்கி பத்தாம் நாள் நிறைவு செய்ய வேண்டும். பத்தாம் நாள் தோதுப்படாவிட்டால் உறவினர்களுக்கு வசதியான வேறு நாள். வீட்டாரும் உறவினரும் சேர்ந்தே ஓத வேண்டும். முடிந்தால் இரவுதோறும் கீர்த்தனம். பத்தாம் நாளோடு சடங்கு முடிந்தது. அதன்பின் எதுவும் கிடையாது.

பத்து நாளில் முடிக்க நாளுக்கு 143 பக்கம். பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். இறந்தவரின் மகள் காலையில், தம்பி மதியம், பேரன் கல்லூரியிலிருந்து வந்து மாலையில் என்று ஓதும் வீட்டில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் கிடைக்கிறது. வெறுமனே எதிரெதிரே உட்கார்ந்து பெருமூச்சு விட வேண்டியதில்லை. அகண்ட பாடத்தில் 48 மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இங்கே பத்து நாள் நீள்கிறது; சாவு வீட்டுக்கு அந்த நீளம் தேவைப்படுகிறது. போக் அன்று குரு தேக் பகதூரின் 57 சலோகங்களை மெதுவாக ஓதுவார்கள். 'கோவிந்தன் புகழைப் பாடவில்லை, பிறவியை வீணாக்கினாய்' என்று தொடங்கி நிலையாமையை அடுக்கும் அந்தச் சலோகங்களை, பத்து நாள் தாமே ஓதி வந்தவர்கள் கேட்பது வேறு, அன்று காலை காரில் வந்து இறங்கியவர்கள் கேட்பது வேறு.

ஏழு நாளில் முடிக்கும் சப்தாக பாடம் என்று ஒன்றும் உண்டு. நாளுக்குச் சுமார் 204 பக்கம், அகண்ட பாட வேகத்தில் ஏழு மணி நேரம். இரவு ஓய்வு கிடைக்கும் என்பது நல்லது. ஆனால் அகண்ட பாடத்தின் ஒருமுகமும் இல்லை, சகஜ பாடத்தின் நிதானமும் இல்லை. நாலைந்து பேர் ஓதத் தெரிந்த, லீவில் எல்லாரும் கூடியிருக்கும் குடும்பம் என்றால் பார்க்கலாம்.

சுகமனி சாகிப்

முழு நூலையும் ஓத வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குரு அர்ஜன் கௌடி ராகத்தில் பாடிய சுகமனி, 262-ஆம் பக்கத்திலிருந்து 296 வரை. 24 அஷ்டபதிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சலோகம், பின் எட்டுப் பதங்கள். ஓத ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். மாலை நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறுக்குள் அர்தாஸ், பிரசாதம் எல்லாம் முடிந்து டீயும் பக்கோடாவும் வந்துவிடும்.

தெருப் பெண்கள் சேர்ந்து ஓதும் பாடம் இதுதான். ஆளுக்கொரு குட்கா, அதாவது சிறு பிரார்த்தனைப் புத்தகம். 'சிமரௌ சிமர் சிமர் சுக் பாவௌ', நினைந்து நினைந்து சுகம் பெறுவேன் என்று தொடங்கும்போது முப்பது குரல் ஒன்றாக எழும். பாதி பேர் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. ஓதுபவர், கேட்பவர் என்ற பிரிவு இங்கே இல்லாமல் போகிறது. அடுப்படிக்குப் போனவளும் அங்கிருந்தே வரியைத் தொடர்கிறாள். ரெஹத் மர்யாதா அகண்ட பாடத்துக்குக் கேட்ட 'வீட்டாரே ஓத வேண்டும்' என்பது சுகமனியில் தானாக நடந்துவிடுகிறது.

புது வீட்டுக்கு நாங்கள் அகண்ட பாடமா என்று பேசிக்கொண்டிருந்தபோது என் மாமியார் கேட்டது ஒன்றுதான். "புத், நாற்பத்தெட்டு மணி நேரம் யாரோ ஓத நாம் ரொட்டி சுடப்போகிறோமா, ஒன்றரை மணி நேரம் நாமே ஓதப்போகிறோமா?" மாமனாருக்கு அது கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது. "மக்கள் என்ன சொல்வார்கள்" என்றார். "என்ன சொல்வார்கள், பக்கோடா நன்றாக இருந்தது என்பார்கள், ஜி" என்று மம்மி ஜி பேச்சை முடித்தார்.

அப்படியானால் எதற்கு எது? சாவுக்குச் சகஜ பாடம், தயங்கவே வேண்டாம். புது வீடு, பிறந்தநாள், தேர்வு, பயணம் ஆகியவற்றுக்குச் சுகமனி. கல்யாணத்துக்கு முன்னால், ஊரிலிருந்து உறவெல்லாம் வந்து தங்கியிருக்கும்போது, அகண்ட பாடம் பொருந்தும். கேட்க ஆள் இருக்கும், சமைக்கக் கையும் இருக்கும். குர்பூரப், அதாவது குருமாரின் விழா நாள், வந்தால் வீட்டில் தனியாக ஒன்று வைப்பதைவிட, குருத்வாராவில் எப்படியும் நடக்கும் அகண்ட பாடத்தில் ஓர் இரவு ரௌல் கேட்க உட்காருவது மேல். அங்கேயும் இரண்டு மணிக்குக் கூடம் காலியாகத்தான் இருக்கும். உங்களுக்கே என்றால் சகஜ பாடம். அகண்ட பாடம் வைக்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம். பயணம் போன்ற தடையால் தினசரி ஓதல் விட்டுப்போனாலும் மனதில் உறுத்தல் கொள்ளத் தேவையில்லை என்று ரெஹத் மர்யாதாவே எழுதி வைத்திருக்கிறது. சமயக் கையேட்டில் அப்படியொரு வாக்கியத்தைப் பார்ப்பது அபூர்வம்.

எந்தப் பாடமானாலும் சில விஷயங்கள் பொது. முழுப் பாடத்தைத் தொடங்கும்போது ஆனந்த் சாகிப் என்ற பாடலின் முதல் ஐந்து பத்தியும் கடைசிப் பத்தியும், பிறகு அர்தாஸ், ஹுகம் (நூலைத் திறந்ததும் வரும் பாடலைக் குருவின் ஆணையாக ஓதுவது). கடாஹ் பிரசாதத்துக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. நெய்யைக் குறைத்து ஆரோக்கியம் பார்க்கிற இடம் இதுவல்ல. நம் ஊர்ப் பழக்கத்தில் பக்கத்தில் கும்பமும் தேங்காயும் விளக்கும் வைக்கத் தோன்றும். சில பஞ்சாபிகளும் வைக்கிறார்கள். ரெஹத் மர்யாதா அதை வெளிப்படையாக மறுக்கிறது. பாடம் நடக்கும்போது கூடவே வேறொரு பாடலை இடையிடையே ஓதுவதையும் மறுக்கிறது. பணம் மிஞ்சினால் ருமாலாவாக வாங்கிக் குவிக்காதீர்கள். குருத்வாராவில் எது தேவை என்று கேட்டுக் கொடுங்கள். ருமாலாக்கள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன.

தேதி குறித்தவுடன் கிரந்தியிடம் (குருத்வாராவில் நூலை ஓதிப் பேணுபவர்) ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நிறைவு முந்தாவணி என்ற முத்திரைப் பாடலோடா, ராகங்களை அடுக்கும் ராகமாலா வரைக்குமா? 1429-ஆம் பக்கத்து முந்தாவணியோடு முடிப்பவர்களும் உண்டு, அதற்குப் பின்வரும் ராகமாலாவையும் ஓதி 1430-ல் முடிப்பவர்களும் உண்டு. இதில் பந்த் எனப்படும் சீக்கிய சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால் அந்தந்த இடத்து வழக்கப்படி என்று கையேடு விட்டுவிட்டது. போக் நேரத்தில், நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது, அமிர்தசரஸ் மாமாவும் பட்டியாலா சித்தப்பாவும் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் பிரசாதம் ஆறிப்போகும்.